நிலக்ஷியின் முப்பத்தொரு போத்தல்கள்

என் மகள் நிலக்ஷி கம்பஸில் ஃபெயிலாகி வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று நோட்டன் பிரிட்ஜ் கடைத்தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. எவனோடோ தொடர்பு, அதனால்தான் படிப்பைப் பாதியில் விட்டாள் என்று இன்னொரு பேச்சும் இருக்கிறது. இரண்டும் பொய். அவள் இப்போது கினிகத்தேனையில் டியூஷன் வகுப்பில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறாள். பிடித்த வேலை இல்லை, கிடைத்த வேலை. அவள் ஏன் அங்கே நிற்கிறாள் என்பதை நான்தான் சொல்ல வேண்டும். நான் செல்லசாமி, அவள் அப்பன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தேயிலை ஸ்டோரில், கொழுந்தை நசுக்கி அரைக்கும் ரோலர் மெஷினில் நிற்கிறவன். நடந்ததில் என் பங்கு பெரியது.

நோட்டனுக்கு மேலே எங்கள் தோட்டத்து மேல்பிரிவில், ஒரே கூரையின் கீழ் பத்து அறைகள் ஒட்டி நிற்கும் பத்துக் காம்பரா லயத்தில் பிறந்தவள் நிலக்ஷி. எங்களுக்கு ஒரே பிள்ளை. அவள் அம்மா சண்முகவடிவு கொழுந்தெடுக்கிறவள். பிள்ளை சின்ன வயதிலேயே எதையாவது பிய்த்து உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும். தவளையைப் பார்த்தால் மற்றப் பிள்ளைகள் கல்லெறியும், இது பக்கத்தில் குந்திக்கொண்டு அதன் தொண்டை துடிப்பதை எண்ணும். ஹட்டனுக்குப் போய் உயர்தரம் படித்தாள். பேராதனைப் பல்கலைக்கழகக் கம்பஸ் கிடைத்தது. எங்கள் பிரிவிலிருந்து விஞ்ஞானத்துக்குப் போன முதல் ஆள் அவள்தான். அன்றைக்கு வடிவு லயம் முழுக்கச் சீனி கொடுத்துவிட்டு, எங்கள் தேத்தண்ணிக்குச் சீனி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

முதல் லீவில் வந்தபோது அவள் வாயில் ஒரே கலம்தான். அங்கே படிப்பெல்லாம் இங்கிலிஷில். செல் என்பதை எங்களுக்குத் தமிழில் கலம் என்று சொல்லுவாள்.

"அப்பா, நம்ம ஒடம்பு முழுக்க கலம்தான்பா. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காம்பரா. அடுக்கி அடுக்கி வச்சிருக்கு."

"எத்தன காம்பரா?"

"கோடி கோடியா."

"அம்புட்டுக்கும் கூரை ஒழுகாம இருக்கா?"

வடிவு அடுப்படியிலிருந்து, "கக்கூசு இருக்கான்னு கேளுங்க" என்றாள்.

"இருக்கும்மா! கழிவ வெளிய தள்ளுறதுக்குத் தனியா ஏற்பாடே இருக்கு."

"அப்ப அது தொரை கட்டின லயம் இல்ல" என்று வடிவு சொன்னதும் மூன்று பேரும் சிரித்தோம். நிலக்ஷி விடவில்லை. ஒரு காம்பரா இரண்டாகப் பிரியும், இரண்டு நான்காகும், அப்படித்தான் பிள்ளை வளருது, புண் ஆறுது என்றாள். எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தெரியுமாம். நிற்கத் தெரியாமல் பிரிந்துகொண்டே போனால் அதற்குப் பெயர்தான் கென்சர் என்றாள். மழை வரும்போல என்று சொல்வது மாதிரித்தான் சொன்னாள். நாங்களும் அப்படித்தான் கேட்டோம்.

அவள் படிப்பில் மூன்று வருடம் முடித்தாலே ஒரு பட்டம் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் நாலாவது வருடத்துக்கு எடுப்பார்கள். அதில் ஒரே விஷயத்தை ஆழமாகப் படித்து, சொந்தமாக ஒரு ஆராய்ச்சி செய்து எழுதிக்கொடுக்க வேண்டும். அதுதான் பெரிய பட்டம். நிலக்ஷியைக் கலத்தைப் பற்றிப் படிக்க எடுத்தார்கள். ஆராய்ச்சிக்குத் தேயிலை மொட்டைத் தேர்ந்தெடுத்தாள். மொட்டின் நுனியில் கலம் எந்த வேகத்தில் பிரிகிறது, மழைக்கு எப்படி, வெயிலுக்கு எப்படி என்று பார்ப்பதுதான் வேலை. வாரத்துக்கு ஒரு தரம் மொட்டு வேண்டும். மொட்டைக் கிள்ளியவுடன் ஒரு மருந்துத் தண்ணீரில் போட வேண்டும். அப்போதுதான் கலம் அந்த நிமிடத்தில் எப்படி இருந்ததோ அப்படியே நின்றுபோகுமாம்.

சித்திரை வருடப் பிறப்புக்கு வந்தவள் ஒரு பெட்டி நிறையச் சின்னப் போத்தல்களைக் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்தால் வினாகிரி நெடி.

"ஊறுகா போடப் போறியா புள்ள?" என்றாள் வடிவு.

"அம்மா, சிரிக்காம கேளுங்க. திங்கக்கிழம காலைல ஒம்பது மணி. நான் ரிப்பன் கட்டுற செடியில மட்டும். எல விரியாத மொட்டு பத்து. நகத்தால நசுக்காம கிள்ளி இதுக்குள்ள போடணும். அதே செடி, அதே நேரம், முடிஞ்சா அதே ஆள். ஒங்களால ஏலுமா?"

"முப்பது வருசமா கொழுந்து கிள்ளுறேன். எங்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

சொல்லிக்கொண்டே வடிவு தலைத்துணியை அவிழ்த்தாள். அன்று கொழுந்தெடுக்கும் மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். இடது பக்கம் தோள் எலும்புக்கு மேலே, கழுத்தடியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். பிள்ளைதான் முதலில் பார்த்தது.

இதை விளங்கச் சொல்ல வேண்டும். கொழுந்துக் கூடை முதுகில் கிடந்தாலும் அதைத் தாங்குவது தலைதான். கூடைக் கயிறு உச்சந்தலையில் மாட்டியிருக்கும். கூடை நிறைய நிறைய கழுத்தைப் பின்னுக்கு இழுக்கும். மழை நாளில் ஈரக் கொழுந்தென்றால் இரண்டு மடங்கு இழுக்கும். கழுத்தும் தோளும் வீங்காத பெண் எங்கள் லயத்தில் கிடையாது. கயிற்று வீக்கம் என்போம். எண்ணெயைச் சுட வைத்துத் தேய்ப்பார்கள், கயிற்றை ஒரு விரற்கடை தள்ளி மாட்டுவார்கள், பத்து நாளில் அமுங்கிவிடும். எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

நிலக்ஷி அந்த வீக்கத்தில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல."

"அழுத்தினாக்கூட?"

"இல்லங்கிறேன்ல. கைய எடு, கூசுது."

"கயித்து வீக்கம்டி" என்றேன் நான். "ஒங்கம்மாவுக்கு வருசா வருசம் வர்றதுதான். எண்ணெ தேச்சா போயிரும். வலிக்காம வந்திருக்கே, அதுக்கு சந்தோசப்படு."

அவள் விரல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு, "ஆமா, பக்கத்துக் காம்பரா லெட்சுமி அத்தைக்கும் வந்துச்சே" என்று கையை எடுத்துக்கொண்டாள்.

கயிற்று வீக்கம் என்றால் வலிக்கும். தொட்டால் துள்ளுவார்கள். வலிக்காத வீக்கம்தான் கெட்டது என்று பிறகு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டேன். நான் அதைச் சந்தோஷப்படச் சொன்னேன்.

முதல் திங்கட்கிழமை வடிவு போத்தலை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு மலைக்குப் போனாள். கங்காணி அழகுமுத்து பார்த்துவிட்டான்.

"என்ன வடிவக்கா, போத்தலோட வேலைக்கு வர்ற அளவுக்கு வந்துட்டீங்க. எனக்கும் ஒரு மூடி ஊத்துறது."

"ஊத்துறேன் தம்பி. குடிச்சீன்னா ஒன் ஒடம்புல உள்ள கலமெல்லாம் அப்பிடியே நின்னுரும். பெறகு நீ காலைல பேர் கூப்புடுற பெரட்டுக்களத்துல செல மாதிரி நிக்க வேண்டியதுதான்."

"இப்ப மட்டும் என்ன, ஓடவா செய்றேன்" என்றானாம் அவன். அன்றிலிருந்து திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவனே கைக்கடிகாரத்தைப் பார்த்து, "கலம் அக்கா, நேரமாச்சு" என்று கூப்பிடுவான்.

மத்தியானம் போத்தல் என் கைக்கு வரும். லேபல் ஒட்டி வார எண்ணும் தேதியும் எழுதுவது என் வேலை. மறுநாள் காலையில் கண்டி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். "சாமி, மகளுக்கு மருந்தா?" என்று அந்தச் சிங்கள ஆள் தமிழில் கேட்பான். மருந்துதான் என்பேன். பேராதனையில் நிலக்ஷி வந்து வாங்கிக்கொள்வாள்.

ஆடி மாதம் வடிவு மெலிய ஆரம்பித்தாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. நெல்லிக்காய் எலுமிச்சம்பழம் ஆயிற்று, பக்கத்தில் இன்னொன்று வந்தது. நோட்டன் குளிரில் எல்லோரும் கம்பளிக்குள் நடுங்கும்போது அவள் வியர்வையில் நனைந்து எழும்புவாள். தோட்டத்து மருந்துக் காம்பராவுக்கு ஒரு தரம் கூட்டிப்போனேன். அங்கேயும் நானே முந்திக்கொண்டு, "கயித்து வீக்கம், மழைக்குக் கூடிப்போச்சு" என்றேன். வலி மாத்திரை தந்தார்கள். வலியே இல்லாதவளுக்கு வலி மாத்திரை.

"வடிவு, கண்டிக்குப் போய்ப் பெரிய டாக்டர்கிட்ட காட்டிட்டு வருவோம்" என்றேன் ஆவணியில்.

"போனா படுக்க வச்சிருவாங்க. திங்கக்கிழம போத்தல் நாளு."

"நான் கிள்ளுறேன்."

"இந்தக் கையாலயா? ரோலர் புடிச்ச கை. மொட்ட அரச்சே குடுத்துருவீங்க."

"லெட்சுமி கிள்ளட்டும்."

"அதே ஆளுதான் கிள்ளணும்னு புள்ள சொல்லிருக்கு. ஆள் மாறினா கணக்கே தப்பாயிருமாம்."

முடிந்தால் அதே ஆள் என்றுதான் பிள்ளை சொன்னது. வடிவு அந்த 'முடிந்தால்' என்பதைக் கேட்கவே இல்லை. எப்படிக் கேட்பாள்? அந்த மலையில் முப்பது வருடம் அவளுக்கு யாரும் முடிந்தால் செய் என்று சொன்னதில்லை. இத்தனை மணிக்கு, இந்த நிரையில், இப்படிக் கிள்ளு என்றால் அப்படியே கிள்ள வேண்டும். மகள் சொன்னதையும் அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

"புள்ளைகிட்ட ஒரு வார்த்த சொல்லவா?" என்று கேட்டதற்கு என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். சோதனை நேரம், படிப்பைப் போட்டுவிட்டு ஓடிவரும் என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சித்திரைக்குப் பிறகு பிள்ளைக்கு வீட்டுக்கு வர லீவு கிடைக்கவில்லை; போனில் படம் பார்த்துப் பேசும்போது வடிவு கழுத்தைச் சுற்றித் துவாயைப் போட்டுக்கொள்வாள். குளிர்காலத்தில் எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் சுற்றியிருப்போம்.

"மெலிஞ்சிட்டீங்களேம்மா?"

"கொழுந்து கூடிப்போச்சு புள்ள, ஓட்டந்தான். நீ போத்தலச் சொல்லு. நசுங்கலயே?"

கார்த்திகையில் முப்பத்தோராவது போத்தல். அதுதான் கடைசி. அதைக் கொடுத்த மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையோடு விழுந்தாள். அழகுமுத்துவும் நானும் வேனில் போட்டுக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கழுத்தில் ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். நான்கு நாள் கழித்து டாக்டர் என்னை நிற்கவைத்துச் சிங்களத்தில் சொன்னார். நிணநீர்க் கட்டியில் வந்த கென்சர். நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் போய்விட்டது. "ஆரம்பத்திலேயே கொண்டுவந்திருந்தால் பெரும்பாலும் சுகமாக்கக்கூடிய வகை ஐயா இது" என்றார். எனக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். அன்றைக்கு விளங்காமல் இருந்திருக்கலாம்.

பிறகுதான் மகளுக்குப் போன் எடுத்தேன். பேராதனையிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் இருபது நிமிடம். இத்தனை மாதமும் அவள் இருபது நிமிடத் தூரத்தில்தான் இருந்தாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தாள். டாக்டரின் கடதாசியை வாங்கி, நின்றபடியே வாசித்தாள். அதில் இருந்த ஒவ்வொரு சொல்லும் அவள் படித்த சொல். எனக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சித்திரையில நான் தொட்டுப் பாத்தேனேப்பா" என்றாள்.

உள்ளே போனோம். வடிவு கண் திறந்து முதலில் கேட்டது, "கடைசிப் போத்தல் வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"நசுங்காம?"

"ஒண்ணுகூட நசுங்கலம்மா. எல்லாம் நல்லா இருக்கு."

வடிவு அந்தப் பக்கத்துக் கட்டில்காரியிடம், "எம்மக கம்பஸ்ல படிக்குது. நான்தான் மொட்டுக் கிள்ளிக் குடுக்குறது" என்றாள்.

மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. தை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டாள். நாற்பத்தெட்டு வயது.

தோட்டத்தில் சாவென்றால் அன்றைக்கு அந்தப் பிரிவில் யாரும் மலைக்குப் போகமாட்டார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். செத்தவள் பட்டதெல்லாம் அதில் வந்துவிடும். உயிரோடு இருக்கும்போது மறைத்ததுகூட வந்துவிடும். அதைத் தடுக்க யாராலும் முடியாது. லெட்சுமி முப்பது வருடமாக வடிவுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தவள். நெஞ்சில் அடித்துக்கொண்டு பாடினாள்:

"காய்ச்சலோட ஏறுனியே கண்ணான எம்பொறப்பே,
ஆஸ்பத்திரி போவோம்னு அழுது நானும் கூப்புட்டேனே,
மக போத்தல் நெறையட்டும்னு மலையிலயே நின்னியேடி..."

நிலக்ஷி அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்த வரிக்குத் தலையைத் தூக்கினாள். லெட்சுமியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு குழிமேடு வரைக்கும் அவள் அழவே இல்லை.

முப்பதாம் நாள் காரியம் முடித்துக் கம்பஸுக்குப் போனாள். பங்குனிக் கடைசிக்குள் ஆராய்ச்சியை எழுதிக்கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் பையோடு திரும்பி வந்தாள். ஏன் என்று கேட்டேன். சத்தமும் போட்டேன். மூன்றாம் நாள்தான் வாய் திறந்தாள்.

"கலத்தையெல்லாம் எண்ணி முடிச்சிட்டேன்பா. எழுதணும். எழுதணும்னா மொதல்ல ஒரு அட்டவணை. முப்பத்தொரு வரி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு தேதி. ஒங்க கையெழுத்துல உள்ள தேதி. மொத வரியில அம்மாவக் காப்பாத்திருக்கலாம். ரெண்டாவது வரியிலயும் காப்பாத்திருக்கலாம். பத்துலயும் முடிஞ்சிருக்கும். எந்த வரிக்குப் பெறகு முடியாமப் போச்சுன்னு தேடிக்கிட்டே இருக்கேன். வேற ஒண்ணும் எழுத வரல."

அவளிடம் சொல்லாமல் நான் பேராதனைக்குப் போனேன். அவள் ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்கிற மேடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே அரைநாள் போயிற்று. நல்ல மனுஷி. சிங்களத்தில் மெதுவாகப் பேசினார். ஆராய்ச்சி மிக நன்றாக வந்திருக்கிறது, எழுத வேண்டியது மட்டும்தான் பாக்கி, ஒரு மாதம் கூடுதலாக வாங்கித் தருகிறேன் என்றார். அதற்கு மேலும் இழுத்தால் நாலாவது வருடத்தை விட்டுவிட்டு மூன்று வருடப் பட்டத்தோடு வெளியேறுவதாகக் கையெழுத்துப் போட வேண்டிவரும் என்றார்.

வந்து சொன்னேன். நிலக்ஷி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"குத்தம் என்னோடது" என்றேன். "கயித்து வீக்கம்னு சொன்னது நான். மருந்துக் காம்பராவுலயும் நான்தான் சொன்னேன். ஒன்கிட்ட மறச்சதும் நான். என்னையத் திட்டு. செருப்பால அடி. ஆனா அந்தப் படிப்ப முடிச்சிரு."

"நீங்க அஞ்சாம் வகுப்புப்பா." குரலே உயரவில்லை. "நான் நாலு வருசம் அதையேதான் படிச்சேன். கை வச்சுப் பாத்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு, வலிக்கலன்னாங்க. எனக்குள்ள ஏதோ ஒண்ணு சொல்லுச்சு. சொல்லியும், நம்ம லயத்துல எல்லாருக்கும் வர்றதுதானேன்னு கைய எடுத்துட்டேன்."

"அவ ஒனக்காகத்தானே கிள்ளுனா? நீ எழுதலன்னா அவ்வளவும் வீணாப் போயிரும்ல புள்ள?"

ரொட்டியைக் கல்லில் போட்டாள். திருப்பினாள். கருகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதினா, அம்மா செத்ததுல எனக்குப் பட்டம் கெடச்சதா ஆயிரும்பா."

நான் கருகிய ரொட்டியைக் கல்லிலிருந்து எடுத்தேன்.

மேடம் தந்த ஒரு மாதமும் ஓடியது. கடைசித் தேதிக்கு முதல் நாள் காலையில் குளித்து, நல்ல உடுப்புப் போட்டு, பைலை எடுத்துக்கொண்டு, "பேராதனைக்குப் போய்ட்டு வர்றேன்பா" என்றாள். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. பஸ் வரைக்கும் கூடப் போனேன். ஜன்னல் பக்கம் சீட் பிடித்துக் கொடுத்தேன். ஸ்டோரில் அன்று இரண்டு பேரிடம் சொன்னேன், மகள் ஆராய்ச்சியைக் கொடுக்கப் போயிருக்கிறாள் என்று.

பொழுது சாயும் நேரத்தில் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தண்ணீர் குடித்தாள். முகத்தைப் பார்த்தேன், எதுவும் தெரியவில்லை.

"குடுத்தாச்சா?"

"கையெழுத்துப் போட்டுட்டேன்பா. மூணு வருசப் பட்டம் அனுப்புவாங்களாம்."

நான் சுவரோரமாக உட்கார்ந்தேன். கத்த நினைத்தேன். கடைசியில் வாயில் வந்தது இதுதான்:

"ஒங்கம்மா கேட்டா நான் என்னடி சொல்லுவேன்?"

நிலக்ஷி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா கேக்க மாட்டாங்கப்பா" என்றாள். பிறகு உலை வைக்க அரிசி களைய ஆரம்பித்தாள், இரண்டு பேருக்கு.